சிறந்த ரொக் அல்பங்களின் பட்டியல்: எண்ணை விடுங்கள், பெயரைப் பிடியுங்கள்

தலவாக்கலையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கும் கேள்வி இது. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருக்கிறார், கிட்டார் பழகுகிறார். எல்லாக் காலத்துக்குமான சிறந்த 500 அல்பங்கள் என்று ரோலிங் ஸ்டோன் இதழ் 2020இல் வெளியிட்ட பட்டியலை ஒன்றாம் இடத்திலிருந்து வரிசையாகக் கேட்கத் தொடங்கி, நாற்பதோடு நின்றுவிட்டார். பாதிக்கு மேல் மனதில் ஒட்டவில்லையாம். "மெட்டாலிகாவின் 'மாஸ்டர் ஒஃப் பப்பட்ஸ்' அல்பத்தை 97ஆம் இடத்தில் வைத்த பட்டியல் எனக்கு வேண்டாம்" என்று அவருடைய கூட்டாளி அடித்துச் சொல்லிவிட்டாராம். "எனக்குத்தான் காது போதாதா, இல்லை பட்டியலே பொய்யா?" என்று கேட்கிறார்.

தம்பி, உங்கள் காதில் குறையில்லை. பட்டியலும் பொய்யில்லை. அதில் போட்டிருக்கும் எண்களைப் பரீட்சைப் புள்ளியைப் போல எடுத்துக்கொண்டுவிட்டீர்கள். சிக்கல் அங்கேதான் இருக்கிறது. யார் வாக்களித்தார்கள், எந்த ஆண்டில் வாக்களித்தார்கள் என்பதைத்தான் அந்த எண் சொல்லும். பாட்டைப் பற்றி அது சொல்வது மிகக் குறைவு. அந்த எண்களை ஒதுக்கிவிட்டுப் பெயர்களை மட்டும் பார்த்தால், இதே பட்டியல் ஒரு நல்ல வழித்துணை. எனக்கு அது எப்படித் துணை நின்றது என்பதைப் பின்னால் சொல்கிறேன். முதலில் எண்களின் கதையைப் பார்த்துவிடுவோம்.

லண்டனிலிருந்து வந்த நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸ் என்ற வார இதழை எடுத்துக்கொள்ளுங்கள். 1974இல் அதன் பட்டியலில் முதலிடம் பீட்டில்ஸின் 'சார்ஜன்ட் பெப்பர்ஸ்' அல்பத்துக்கு. 1985இல் மார்வின் கேயின் 'வட்ஸ் கோயிங் ஒன்'. 1993இல் பீச் போய்ஸின் 'பெட் சவுண்ட்ஸ்'. 2003இல் ஸ்டோன் ரோசஸ் குழுவின் முதல் அல்பம். 2013இல் ஸ்மித்ஸ் குழுவின் 'த குவீன் இஸ் டெட்'. ஒரே இதழ், ஐந்து பட்டியல்கள், ஐந்து முதலிடங்கள். கடைசி இரண்டும் எண்பதுகளில் வெளிவந்தவை. 1974இல் அவற்றுக்கு இடம் இருந்திருக்க முடியாது. ஆனால் முதல் மூன்றும் 1966, 1967, 1971ஆம் ஆண்டுகளில் வந்து, 1974இல் எல்லோருடைய கையிலும் இருந்தவை. அவற்றில் ஒரு சுரம்கூடப் பின்னர் மாறவில்லை. வாக்களித்தவர்கள் மாறினார்கள், இடமும் மாறியது.

ரோலிங் ஸ்டோன் இதழ் 1967இல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கியது. 'சார்ஜன்ட் பெப்பர்ஸ்' வெளிவந்ததும் அதே ஆண்டில்தான். ரொக் இசையைப் பற்றி எழுதுவதையே தொழிலாகக் கொண்ட முதல் தலைமுறை அப்போதுதான் பேனாவைக் கையில் எடுத்தது. தங்கள் இருபது வயதில் கேட்டதை அவர்கள் மறக்கவில்லை. 2003இல் அந்த இதழ் முதன்முறை 500 அல்பங்களை வரிசைப்படுத்தியபோது 273 பேர் வாக்களித்தார்கள். முதல் பத்தில் நான்கு பீட்டில்ஸ், இரண்டு பொப் டிலன். பத்துமே 1965க்கும் 1979க்கும் இடைப்பட்டவை. பெண் தனிப்பாடகி ஒருவரின் அல்பத்தைத் தேடினால் 30ஆம் இடத்துக்கு இறங்க வேண்டும். அங்கே ஜோனி மிட்செலின் 'ப்ளூ' இருந்தது. 2020இல் வாக்காளர்களைப் புதிதாகத் திரட்டினார்கள். இளையவர்களும் பெண்களும் கறுப்பினக் கலைஞர்களும் கூடுதலாக வந்தார்கள். 'வட்ஸ் கோயிங் ஒன்' முதலிடத்துக்கு ஏறியது. 'ப்ளூ' மூன்றாம் இடம். 'சார்ஜன்ட் பெப்பர்ஸ்' 24க்கு இறங்கியது. லண்டன் இதழ் 1985இல் சொன்னதை ரோலிங் ஸ்டோன் சொல்வதற்கு 35 ஆண்டுகள் ஆயின.

அதே இதழ் தன் சொல்லைத் தானே திருத்திக்கொண்டதும் உண்டு. லெட் செப்லின் குழுவின் முதல் அல்பம் 1969இல் வந்தபோது அதைக் கடுமையாகத் தாக்கி எழுதியவர்கள், 2003இல் 29ஆம் இடத்தில் வைத்தார்கள். நிர்வானாவின் 'நெவர்மைண்ட்' 1991இல் பெற்றது மூன்று நட்சத்திரம்தான். 2003இல் 17, 2020இல் 6. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. முப்பது வருடம் கேட்ட பிறகு மனம் மாறுவது மனிதருக்கு இயல்பு. மாறக்கூடிய ஒன்றுக்கு 'எல்லாக் காலத்துக்கும்' என்ற பெயரைச் சூட்டுவதுதான் எனக்கு ஒப்பவில்லை.

மலையகத்தில் வளர்ந்த நமக்கு இது விளங்காத விஷயமல்ல. தேயிலைப் பெட்டியில் பி.ஓ.பி. என்று போட்டிருந்தால், அதை உயர்ந்த தரம் என்று வெளியார் நினைப்பார்கள். அரைத்துச் சலித்த பிறகு இலைத் துண்டு எந்த அளவில் இருக்கிறது என்பதைத்தான் அந்த எழுத்துகள் குறிக்கும் என்று தொழிற்சாலையில் சல்லடை பிடித்தவர்களுக்குத் தெரியும். சிறந்த தேயிலை எது என்று கேட்டால், எந்த மாதத்தில் என்று திருப்பிக் கேட்பார்கள். நம் ஹட்டன், தலவாக்கலைப் பக்கத்துக் கொழுந்துக்கு மணம் கூடுவது ஜனவரி முதல் மார்ச் வரையான வறண்ட நாட்களில். பதுளை, பண்டாரவளைப் பக்கத்தில் அந்தப் பருவம் ஜூலை முதல் செப்டெம்பர் வரை, காய்ந்த காற்று மலையைத் தாண்டி வீசும்போது. இரண்டையும் ஒரே நாளில் சுவைத்து ஒன்றை முதலாவது என்று அறிவிப்பவர், அது எந்த மாதம் என்பதையும் சேர்த்துத்தான் அறிவிக்கிறார்.

இன்னொரு காரணமும் உண்டு, உங்கள் கூட்டாளிக்காகவே சொல்கிறேன். புள்ளி கூட்டும் கணக்கு, எல்லோருக்கும் ஓரளவு பிடித்ததை மேலே தள்ளும். சிலருக்கு உயிராகவும் சிலருக்கு வெறுப்பாகவும் இருப்பதைக் கீழே இறக்கும். ஐந்து நண்பர்கள் நான்கு அல்பங்களை வரிசைப்படுத்துகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலிடத்துக்கு 4 புள்ளி, அடுத்தடுத்து 3, 2, 1. மூன்று பேர் 'மாஸ்டர் ஒஃப் பப்பட்ஸ்' முதலிடம் என்கிறார்கள். மற்ற இருவர் அதைக் கடைசியில் போடுகிறார்கள். மொத்தம் 14. பீட்டில்ஸின் 'அபி ரோட்' அல்பத்தை ஐவரும் இரண்டாவதாகப் போடுகிறார்கள். மொத்தம் 15. ஐவரில் ஒருவரும் முதலாவதாகத் தேர்ந்தெடுக்காத அல்பம் பட்டியலில் முதலிடம் பெற்றுவிட்டது. பெரும்பான்மை தேர்ந்தெடுத்தது தோற்றுவிட்டது. 2003, 2012, 2020 என்று மூன்று முறையும் 'பெட் சவுண்ட்ஸ்' அசையாமல் இரண்டாம் இடத்திலேயே இருந்ததைப் பார்க்கும்போதெல்லாம் இந்தக் கணக்கு எனக்கு நினைவுக்கு வரும். அது அற்புதமான அல்பம், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் மெட்டாலிகா வாசிக்கும் மெட்டல் என்ற கனத்த ரொக் இசை இத்தகைய பட்டியல்களில் எப்போதும் பின்தங்குவதற்கு அந்த இசையின் குறை காரணமல்ல. பாதிப் பேருக்குப் பிடிக்காமல் இருப்பதற்குத் துணிந்த இசை அது.

விற்பனையை அளவாக வைத்தால் வேறொரு வரிசை வரும். பிங்க் ஃபுளொய்டின் 'டார்க் சைட் ஒஃப் த மூன்' 1973 முதல் 1988 வரை 741 வாரங்கள் அமெரிக்க விற்பனைப் பட்டியலில் இருந்தது. 2003இன் ரோலிங் ஸ்டோன் பட்டியலில் அதற்குக் கிடைத்தது 43ஆம் இடம். இலங்கை வானொலியில் 1952இல் தொடங்கிய பினாகா கீத்மாலா என்ற இந்திப் பாட்டு நிகழ்ச்சி, இசைத்தட்டு விற்பனையையும் நேயர் விருப்பத்தையும் சேர்த்துப் பாட்டுகளை வரிசைப்படுத்தி இந்தியா முழுவதையும் கட்டிப்போட்டது. பாட்டை வரிசைப்படுத்திக் கேட்பதில் இந்தத் தீவுக்குப் பழைய உறவு உண்டு.

இனி அல்பம் என்ற பொருளுக்கு வருவோம். எனக்கு நெருக்கமான பகுதி இது.

ஹட்டன் டவுனில் ஒரு ரெக்கோடிங் பாரில் ஆறு வருடம் வேலை செய்தேன். 1988 முதல் 1994 வரை. உங்கள் வயதுக்காரர்கள் அதைப் பார்த்திருக்க மாட்டீர்கள். கடையில் இசைத்தட்டுகளும் மூலக் கசெட்டுகளும் இருக்கும். வெறும் கசெட்டும் கையெழுத்தில் ஒரு பாட்டு வரிசையும் கொண்டு வருவார்கள். நாங்கள் பதிந்து கொடுப்போம். பெரும்பாலும் இளையராஜா, பக்திப் பாட்டு, பைலா. ரொக் கேட்பவர்கள் பத்துப் பதினைந்து பேர் இருப்பார்கள். சனிக்கிழமை பின்னேரங்களில் அவர்களுக்காகவே ஒரு டெக் ஓடும்.

ஒரு இசைத்தட்டு சுமார் நாற்பது நிமிடம். 90 நிமிடக் கசெட்டின் ஒரு பக்கத்தில் அது சரியாக அடங்கும். ஒரு கசெட்டில் இரண்டு அல்பங்கள். பீட்டில்ஸின் வெள்ளை அட்டை இரட்டை அல்பம் மட்டும் இந்தக் கணக்குக்கு அடங்கவில்லை. அது 93 நிமிடம். கடை முதலாளி அதிலிருந்து 'ரெவலூஷன் 9' என்ற எட்டு நிமிடத் துண்டை எடுத்துவிட்டுப் பதியச் சொன்னார். பேச்சும் இரைச்சலும் வெட்டி ஒட்டிய ஓசைகளுமாக இருந்த அதைப் பாட்டென்று யாரும் தேட மாட்டார்கள் என்பது அவர் எண்ணம். ஹட்டனிலும் டிக்கோயாவிலும் பொகவந்தலாவையிலும் அந்த அல்பத்தை அப்படித்தான் கேட்டார்கள். அது பீட்டில்ஸின் மிகச் சிறந்த அல்பமா இல்லையா என்று எங்கள் கடை வாசலில் மழைக்கு ஒதுங்கி நின்று மணிக்கணக்கில் வாதாடியவர்களில் ஒருவரும் அதை முழுதாகக் கேட்டதில்லை. நானும் பல வருடம் கழித்துத்தான் அந்த எட்டு நிமிடத்தைக் கேட்டேன். அல்பத்தின் இருட்டான மூலை அது. அது இல்லாமல் கடைசித் தாலாட்டு ஒரு சாதாரணத் தாலாட்டு. அது முடிந்த பிறகு வரும்போது உடம்பு சிலிர்க்கிறது. சிறந்த அல்பம் எது என்று வாக்களிக்கிற எல்லோரும் ஒரே பொருளைத்தான் கேட்டிருக்கிறார்கள் என்று பட்டியல் நம்புகிறது. உலகின் பெரும்பகுதி அப்படிக் கேட்கவில்லை.

அல்பம் என்ற வடிவமே ஒரு தொழில்நுட்பத்தின் பிள்ளை. 1948இல் நிமிடத்துக்கு 33⅓ சுற்றுச் சுழலும் நீண்ட இசைத்தட்டு வந்த பிறகுதான் நாற்பது நிமிடத்தை ஒரே படைப்பாக எண்ண முடிந்தது. அதற்கு முன்னும், அதற்குப் பிந்திய சில வருடங்களிலும், ரொக் இசையின் மூலவர்கள் மூன்று நிமிடத் தனிப்பாட்டுகளைத்தான் பதிந்தார்கள். அவர்களை என்ன செய்வது? 2003 பட்டியலில் எல்விஸ் பிரெஸ்லியின் மிக உயர்ந்த இடம் 11. அந்த அல்பம் 1954, 1955இல் பதிந்த பாட்டுகளை 1976இல் தொகுத்தது. சக் பெரியின் 21ஆம் இடமும் 1982இல் வந்த தொகுப்புத்தான். அவர்களை விட்டுவிட்டால் வேர் இல்லாத மரமாகும் என்பதால் தொகுப்புகளைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். அந்தத் திருத்தத்துக்கு நான் மனதார நன்றி சொல்வேன். என் கதை அங்கேதான் தொடங்குகிறது.

2003 பட்டியல் வந்த இதழின் ஒரு பிரதி, இரண்டு வருடம் கழித்துக் கண்டியில் ஒரு பழைய புத்தகக் கடையில் எனக்குக் கிடைத்தது. அப்போது நான் ரொக் கேட்கத் தொடங்கிப் பதினெட்டு வருடம். எல்லாம் தெரியும் என்ற நினைப்பில் பக்கங்களைப் புரட்டினேன். 27ஆம் இடத்தில் நான் கேள்விப்பட்டிராத ஒரு பெயர்: ரொபர்ட் ஜோன்சன். 1936, 1937இல் டெக்சாஸில் 29 பாட்டுகளைப் பதிந்துவிட்டு, 1938இல் 27 வயதில் இறந்துபோன மிசிசிப்பிக்காரர். 1961இல்தான் அவருடைய பாட்டுகள் ஒரு நீண்ட இசைத்தட்டாக வந்தன. நூறு தடவைக்கு மேல் நான் பதிந்து கொடுத்த கிரீம் குழுவின் 'குரொஸ்ரோட்ஸ்' அவருடைய பாட்டு. ரோலிங் ஸ்டோன்ஸ் பாடிய 'லவ் இன் வேன்' அவருடைய பாட்டு. அந்தப் பெயர் என் கையால் எழுதிய எந்தக் கசெட் அட்டையிலும் இல்லை.

இன்னும் பதினோரு இடம் தள்ளி, 38இல், மடி வோட்டர்ஸ். மிசிசிப்பியில் ஸ்டோவல் என்ற பருத்தித் தோட்டத்தில் வேலை செய்தவர். 1941இல் நாட்டுப்பாடல் சேகரிக்க வந்த அலன் லோமக்ஸ், தோட்டத்தில் அவர் குடியிருந்த வீட்டிலேயே வைத்து அவருடைய பாட்டைப் பதிந்தார். இரண்டு வருடத்தில் அவர் சிக்காகோவுக்குப் போனார். அங்கே மின்கிட்டாரைக் கையில் எடுத்தார். அவர் 1950இல் பதிந்த ஒரு பாட்டின் பெயரைத்தான் ரோலிங் ஸ்டோன்ஸ் குழு தனக்குச் சூட்டிக்கொண்டது.

தோட்டம் என்ற சொல்லைப் படித்ததும் இதழை மூடிவைத்துவிட்டேன். மாவும் விதையும் தோட்டக் கடையில் கடனுக்கு வாங்கி, அறுவடையில் கழித்து, கழித்த பிறகும் கடன் மிஞ்சிய மனிதர்களின் பாட்டு அது. நம் பாட்டன்மார் கங்காணியிடம் பட்ட கடனைத் துண்டில் எழுதிவைத்து, அடுத்த தோட்டம் அந்தக் கடனை அடைத்தால்தான் ஆள் இடம் மாறலாம் என்று கட்டிப்போட்ட துண்டு முறை 1921இல்தான் ஒழிந்தது. இரண்டு வாழ்வும் ஒன்றென்று சொல்ல மாட்டேன். அடிமைச் சந்தையிலிருந்து வந்தவர்களின் துயரம் தனியானது. ஆனாலும் அந்தக் குரலில், சம்பள நாளுக்கு மறுநாள் லயத்து வாசலில் என் தாத்தா பாடிய பாட்டின் இழுவை எனக்குக் கேட்டது. லண்டனில் பிறந்த இசை என்று நினைத்து நான் காதலித்தது, ஒரு தோட்டத்தில் பிறந்த இசை. பட்டியல் இல்லாவிட்டால் அந்தப் பெயர்கள் என்னிடம் வந்திருக்காது. ஹட்டன் கடையில் அவை இருக்கவில்லை, வானொலியும் போடவில்லை. அதனால்தான் பட்டியல்களைக் கிழித்துப் போடச் சொல்லும் உங்கள் கூட்டாளியோடு நான் உடன்படவில்லை.

2003இல் 38ஆம் இடத்தில் இருந்த மடி வோட்டர்ஸின் தொகுப்பு 2020 பட்டியலில் நானூற்றெண்பதுகளுக்குப் போய்விட்டது. புதியவர்கள் உள்ளே வந்தது நியாயம். அவருக்கு நேர்ந்தது அநியாயம். நாற்பதோடு நின்ற நீங்கள் அவரைச் சந்தித்திருக்கவே முடியாது. ஆகவே இரண்டு பட்டியல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். எது இருநூறு முந்நூறு இடம் ஏறியிருக்கிறது, எது அவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பாருங்கள். அங்கே ஏதோ ஒரு சண்டை நடந்திருக்கும். அந்த அல்பங்களைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

2012இல் திருத்திய பதிப்பில் 393ஆம் இடத்தைப் பாருங்கள்: எம்.ஐ.ஏ. என்று அறியப்படும் பாடகி மாதங்கி அருள்பிரகாசம். ஈழத்துப் பெற்றோரின் மகள். 2007இல் வந்த அந்த அல்பத்துக்குத் தன் தாயின் பெயரான 'கலா' என்பதையே வைத்தார். அதன் சில பாட்டுகளில் தமிழ்நாட்டில் பதிந்த உறுமி மேளம் அதிர்கிறது. நம் தோட்டங்களில் விடியற்காலையில் ஆட்களைப் பிரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, எழுப்பிய தப்பு மேளமும், மாசி மாதத்துக் காமன் கூத்தில் இரவு முழுக்க ஒலிக்கும் தப்பும் எந்த அல்பத்திலும் அடங்காதவை. எந்தப் பட்டியலும் அவற்றை எண்ணாது. அவற்றின் உறவுக்கார மேளம் ஒன்று அந்த ஐந்நூறுக்குள் நுழைந்துவிட்டது எனக்குப் பெருமையாக இருக்கிறது.

உங்கள் கூட்டாளியிடம் ஒன்று சொல்லுங்கள். 97ஆம் இடத்துக்காகக் கோபப்படுவதை விட்டுவிட்டு, மெட்டாலிகாவிலிருந்து பின்னோக்கி நடக்கட்டும். பிளக் சபாத்தின் 'பாரனோய்ட்', 1970. அதன் கிட்டார்க்காரர் டோனி அயோமி, பேர்மிங்ஹாமில் தகடு வெட்டும் தொழிற்சாலையில் பதினேழு வயதில் இரண்டு விரல் நுனிகளை இழந்தவர். பிளாஸ்டிக்கை உருக்கித் தானே விரல் நுனி செய்து மாட்டிக்கொண்டார். வலி தாங்குவதற்கு மெல்லிய தந்திகளைப் பூட்டினார். பின்னர் தந்திகளைத் தளர்த்திச் சுருதியையும் இறக்கினார். மெட்டலின் அந்தக் கனத்த ஓசைக்குப் பின்னால் ஒரு தொழிற்சாலை விபத்து இருக்கிறது. தேயிலைத் தொழிற்சாலை ரோலரில் கை போனவர்களை அறிந்த ஊர் நம்முடையது, அவர் விளங்கிக்கொள்வார்.

நீங்கள் வரிசையாகக் கேட்பதை இன்றோடு நிறுத்திவிடுங்கள். ஒரு நாளைக்கு மூன்று அல்பம் என்று கேட்டால் எதுவும் ஒட்டாது. 'ப்ளூ' எனக்கு ஒட்டுவதற்கு ஒரு மழைக்காலம் பிடித்தது. ஒரு வாரத்துக்கு ஒன்று போதும், முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை, நடுவில் தாண்டாமல். மூன்று தடவை கேட்டும் பிடிக்கவில்லையென்றால் விட்டுவிடுங்கள். அது எத்தனையாம் இடத்தில் இருந்தாலும் சரி.

இந்த வாரத்துக்கு 2003இன் 27ஆம் இடம், ரொபர்ட் ஜோன்சன். இரவில், கிட்டாரைக் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள். முதல் பாட்டே 'குரொஸ்ரோட்' தான். பதிவு பழையது, இரைச்சல் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். கீழ்த் தந்திகளில் ஒருவர் தாளம் பிடிக்க, மேல் தந்திகளில் இன்னொருவர் பதில் சொல்வதுபோல் இருக்கும். வாசிப்பது ஒரே ஆள், ஒரே கிட்டார். எத்தனையாவது தடவையில் உங்கள் காது அதை ஒப்புக்கொண்டது என்று எனக்கு எழுதுங்கள்.